கடைக்கு மேலே வீடு

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளே இருந்தவர்களோடு சேர்ந்து எரிந்துபோனது. செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, நெருப்பு மனிதர்களுக்குப் பகைதான் என்றும், உறங்கப் போகும்போது அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வாயிலாக வரும் இந்த அறிவிப்பு புகாரியில் இருக்கிறது. ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக வரும் மற்றோர் அறிவிப்பு இன்னும் நுணுக்கமானது. விளக்கை அணையுங்கள் என்பதோடு அது நின்றுவிடவில்லை. எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக் கூடும் என்று காரணத்தையும் சொல்கிறது.

சகோதரிகளே, இந்த இரண்டாவது அறிவிப்பைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். எரியக் கூடியது எது, அதை நகர்த்தக் கூடியது எது, எந்த நேரத்தில், யாருக்கு ஆபத்து என்று நான்கு கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்கிறது. இன்று மேல்நாடுகளில் கடை வைத்திருப்பவர், தொழிற்சாலை நடத்துபவர் எல்லோர் மீதும் சட்டம் சுமத்தியிருக்கும் கடமையும் ஏறக்குறைய இதுதான். அங்கே அதற்குத் தீ அபாய மதிப்பீடு என்று பெரிய பெயர். நம் பேச்சில் சொன்னால், நெருப்பு வருவதற்கு முன் நெருப்பைக் கணக்குப் பார்ப்பது.

"இது கடை முதலாளிமாரின் விஷயம், எங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். மட்டக்களப்பு வாவியை ஒட்டிய நம் ஊர்களில் அப்படிக் கேட்க முடியாது. காத்தான்குடியைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஓடும் பிரதான வீதி. அந்தச் சிறு நிலத் துண்டில் மிக நெருக்கமாக மக்கள் வாழ்கிறார்கள். பக்கவாட்டில் வீட்டைப் பெருப்பிக்க இடமில்லை. மேலேதான் கட்ட வேண்டும். கீழே புடவைக் கடை, மேலே குடும்பம். கீழே ஹோட்டல், மேலே மகளும் மருமகனும். கடைக்குப் பின்னால் சாமான் அறை, அதற்குப் பின்னால் குசினி. ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் வாழைச்சேனையிலும் கடைவீதிப் பக்கம் இதே அமைப்பைக் காணலாம். வீதியிலிருந்து பார்த்தால் அது ஒரு கடை. உள்ளே உம்மம்மா படுத்திருக்கிறார், பிள்ளை தொட்டிலில் கிடக்கிறது.

வேறொரு வகைத் தொழிலும் இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகையே கிடையாது. முன் அறையில் நான்கு மெஷின் போட்டு அபாயா தைக்கும் வீடு. பக்கத்துத் தெருப் பெண்பிள்ளைகள் மூன்று பேர் வந்து வேலை செய்கிறார்கள். அடுத்த வீட்டில் இடியப்பமும் பணியாரமும் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். இன்னொரு வீட்டில் கைத்தறி. இந்தத் தொழில்களை நடத்துபவர் ஒரு பெண். ஆகவே நெருப்பைக் கணக்குப் பார்க்க வேண்டியவரும் அவர்தான்.

இந்த மண்ணுக்கே உரிய சங்கதி ஒன்று உண்டு: கச்சான் காற்று. (கடலையையும் நாம் கச்சான் என்றுதான் சொல்கிறோம், வெளியூர்ப் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.) ஆண்டின் நடுப்பகுதியில், மழையில்லாத மாதங்களில், மேற்கிலிருந்து சூடாகவும் வறட்சியாகவும் அடிக்கும் அந்தக் காற்றில் கிடுகும் ஓலையும் பொரிந்துபோய்க் கிடக்கும். ஒரு பொறி விழுந்தால் வேலி வழியாக நெருப்பு நடந்து போகும். கல்வீடுகள் பெருகியபின் இந்தப் பயம் குறைந்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். சுவர் கல்தான். ஆனால் உள்ளே இருப்பது என்ன? பொலியெஸ்டர் துணிக் கட்டுகள், நுரைமெத்தை, பிளாஸ்டிக் கதிரை, காட்போட் பெட்டி. கிடுகு எரிந்தால் வெளிச்சமும் வெக்கையும் வரும், பக்கத்தில் இருப்பவர் ஓடிவிடுவார். இவை எரிந்தால் முதலில் வருவது கரும்புகை. தீ விபத்துகளில் பெரும்பாலானோர் உயிரை எடுப்பது சுவாலை அல்ல, புகைதான். தூக்கத்தில் இருப்பவருக்கு அது வருவதே தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. தொழிற்சாலை என்றதும் புகைபோக்கியும் நூற்றுக்கணக்கான தொழிலாளரும் நம் கண்முன் வருகிறார்கள். சட்டத்தின் பார்வை அதைவிட அகன்றது. கூலிக்கு ஆள் வைத்து, விற்பனைக்காக ஒரு பொருளைச் செய்யும் அல்லது திருத்தும் இடங்களை அது நோக்குகிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஆட்கள் வேலையில் இருக்கும்போது, உள்ளேயிருந்து உடனடியாகவும் சுலபமாகவும் திறக்க முடியாதபடி கதவைப் பூட்டி வைக்கக் கூடாது என்பது அதிலுள்ள மிக முக்கியமான விதி. தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்கள் இதைப் பார்க்கும் அதிகாரம் உள்ளவர்கள். ஹோட்டல், பேக்கரி போன்ற தொழில்களுக்கு உள்ளூராட்சி சபையின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். அது நகர சபையாகவும் இருக்கலாம், பிரதேச சபையாகவும் இருக்கலாம். அனுமதிப்பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டியிருப்பார்கள். அதற்குக் கீழேயே ஒரு பிளக்கில் ஐந்து வயர் தொங்கும்!

பிரித்தானியாவில் 2005 இல் கொண்டுவரப்பட்டு 2006 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்த தீப் பாதுகாப்பு ஆணை இதைவிட ஒருபடி மேலே போனது. அதற்கு முன்பு தீயணைப்புத் துறை வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும். புதிய ஆணை சான்றிதழ் முறையை நீக்கிவிட்டு, பொறுப்பைக் கடைக்காரரின் தோளிலேயே வைத்தது. கட்டடத்தைத் தன் கையில் வைத்திருப்பவர், தொழில் நடத்துபவர்தான் பொறுப்பாளர். எது எரியும், எது பற்றவைக்கும், உள்ளே யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் தானாக ஓட முடியாதவர் யார், எந்த வழியால் போவார்கள் என்று அவரே பார்க்க வேண்டும். ஆபத்தைக் குறைக்க வேண்டும். வேலையாட்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். காலத்துக்குக் காலம் திரும்பப் பார்க்க வேண்டும். முதலில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களும் வேறு சில இடங்களும்தான் எழுத்தில் வைக்க வேண்டியிருந்தது. 2023 ஒக்டோபர் 1 முதல் எல்லாத் தொழில் இடங்களும் முழுமையாக எழுதி வைக்க வேண்டும். லண்டனில் கடை வைத்திருக்கும் நம் உறவினர்களைக் கேட்டால் இந்தக் கோவையைப் பற்றிச் சொல்வார்கள். நம் ஊர்ச் சிறு கடைகளில் அப்படியொரு கடதாசியைக் காண்பது அரிது. கடதாசி கிடக்கட்டும், பார்வையாவது வேண்டாமா?

அந்தச் சட்டம் இறுக்கப்பட்டதற்குப் பின்னால் ஒரு பேரழிவு இருக்கிறது. 2017 ஜூன் 14, ரமழான் மாதம். லண்டனில் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காம் மாடிக் குசினி ஒன்றில் இருந்த குளிர்சாதனப் பெட்டியில் நள்ளிரவு தாண்டித் தீப் பிடித்தது. வெளிச்சுவருக்கு அழகுக்காகவும் குளிருக்காகவும் ஒட்டியிருந்த தகடுகள் எரியும் தன்மை கொண்டவை. நெருப்பு வெளிப்புறமாக மேலேறியது. 72 உயிர்கள் போயின. சஹருக்காக விழித்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் புகையைக் கண்டு அண்டை வீடுகளின் கதவைத் தட்டி எழுப்பியதை அந்நாட்டுப் பத்திரிகைகளே எழுதின. நாமும் நோன்பு மாதத்தில் சாமத்தில் அடுப்பு மூட்டுகிறவர்கள்தான். தூக்கக் கலக்கத்தோடு மூட்டுகிறோம், சாப்பிட்டுவிட்டுத் தொழுது மீண்டும் படுக்கிறோம். ரெகுலேட்டரை மூடினோமா என்று அந்த நேரத்தில் யார் பார்ப்பது?

பூட்டிய கதவுகள்

தையல் தொழிலின் சரித்திரத்தில் நெருப்பும் பூட்டும் சேர்ந்தே வருகின்றன. நியூயோர்க்கில் 1911 மார்ச் 25 அன்று ட்ரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் வேற்று நாட்டிலிருந்து பிழைக்க வந்த இளம் பெண்கள். துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு கதவைப் பூட்டியிருந்தார்கள்.

நூறு ஆண்டுகள் கழித்து, 2012 செப்டெம்பர் 11 அன்று, கராச்சியின் பல்தியா நகரில் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். யன்னல்களில் இரும்புக் கம்பி. வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன. சில வாரங்களுக்கு முன்புதான் அந்தத் தொழிற்சாலைக்குச் சர்வதேசத் தரச் சான்றிதழ் ஒன்று கிடைத்திருந்தது. கப்பம் கேட்டுக் கொடுக்காததால் வேண்டுமென்றே மூட்டப்பட்ட நெருப்பு அது என்று 2020 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூட்டியவன் குற்றவாளிதான். ஆனால் கம்பியும் பூட்டும் இல்லாதிருந்தால் அத்தனை ஜனாஸாக்கள் விழுந்திருக்குமா?

அதே ஆண்டு நவம்பர் 24. டாக்காவுக்கு வெளியே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலை. குறைந்தது 112 பேர் இறந்தார்கள். தீ பிடித்தது கீழ்த்தளத்தில், துணியும் நூலும் குவித்து வைத்திருந்த இடத்தில். அபாய மணி அடித்தபோது, ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று மேற்பார்வையாளர்கள் திருப்பி அனுப்பினார்கள் என்று உயிர் தப்பியவர்கள் கூறினார்கள். அந்தக் கட்டடத்தில் மாடிப்படிகள் இல்லாமல் இல்லை. எல்லாப் படிகளும் அந்தக் கீழ்த்தளத்துக்கே வந்து இறங்கின. கட்டடத்துக்கு வெளியே தனியாக ஒரு படி இருக்கவில்லை.

இந்த இடத்தில் உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். மேல் மாடியிலிருந்து இறங்கும் படி எங்கே வந்து சேர்கிறது? கடைக்குள்ளா? படிக்குக் கீழே இருக்கும் மூலையில் என்ன இருக்கிறது? பெருநாளுக்கு எடுத்த சரக்கு, காலிப் பெட்டி, ஜெனரேட்டருக்கான எண்ணெய்க் கலன்? அப்படியென்றால் தஸ்ரீன் கட்டடத்தின் அதே வரைபடத்தைச் சிறிய அளவில் நாம் கட்டி வைத்திருக்கிறோம். திருட்டுக்குப் பயந்து யன்னலுக்கெல்லாம் கம்பி போட்டிருக்கிறோம். அது நியாயமான பயம், குறை சொல்லவில்லை. ஒவ்வொரு தளத்திலும் ஒரு யன்னல் கம்பியையாவது கீல் வைத்து உள்ளேயிருந்து திறக்கும்படி செய்து தருமாறு வெல்டிங் காக்காவிடம் சொன்னால் அவர் செய்து தருவார். அதற்கு ஆகும் செலவு ஒரு பெருநாள் உடுப்பை விட அதிகமாக இராது.

பெண்களுக்கென்று தனியாகப் பேச வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. 2002 மார்ச் 11 அன்று மக்காவில் ஒரு பெண்கள் பாடசாலையில் தீ. 15 மாணவிகள் இறந்தார்கள். படியில் நெரிபட்டு இறந்தவர்களே அதிகம். வாடகைக் கட்டடம், அளவுக்கு மிஞ்சிய பிள்ளைகள், அவசர வழி இல்லை, பூட்டிய வாயில். ஹிஜாப் சரியாக இல்லை என்று சொல்லி மாணவிகள் வெளியேறுவதையும் மீட்பவர்கள் உள்ளே போவதையும் சிலர் தடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு சவூதிப் பத்திரிகைகளிலேயே வெளியானது. அரச தரப்பு அதை மறுத்தது. விசாரணை, பாடசாலையை நடத்திய நிர்வாகத்தின் அலட்சியத்தையே குற்றமாகக் கண்டது. பெண் கல்விக்குப் பொறுப்பான தலைவர் பதவி நீக்கப்பட்டார். அதுவரை தனியாக இருந்த அந்த நிர்வாகம் அதே மாதம் கல்வி அமைச்சோடு இணைக்கப்பட்டது.

யார் தடுத்தார்கள், தடுக்கவில்லை என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். யாரும் தடுக்காமலேயே நாமே தயங்கி நிற்க மாட்டோமா என்பதுதான் என் கேள்வி. நள்ளிரவு, வீட்டு உடுப்பு, வெளியே ஆண்கள் கூடி நிற்கிறார்கள். அபாயாவைத் தேடி அலுமாரிப் பக்கம் திரும்பும் அந்த ஒரு நிமிடம் புகைக்குப் போதும். உயிரைக் காப்பது மார்க்கத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் கடமைகளில் ஒன்று. நிர்ப்பந்தம் தடையை நீக்கும் என்பது நம் சட்டவறிஞர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி. இதை நம் பெண்பிள்ளைகளுக்கு வாய்விட்டுச் சொல்லி வைக்க வேண்டும். கூடவே ஒரு சின்ன ஏற்பாடும் செய்யலாம். வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் இரண்டு பெரிய பருத்தித் தாவணிகளைத் தொங்கவிடுங்கள். கை நீட்டினால் எடுக்கலாம், எடுத்தபடியே ஓடலாம். தேடுதல் இல்லை, தயக்கமும் இல்லை. பருத்தி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பொலியெஸ்டரும் நைலோனும் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிவிடும். அபாயாவுக்கு நாம் விரும்பி எடுக்கும் துணிகளில் பெரும்பாலானவை அந்த இனம்தான். அடுப்படியிலும் போறணைப் பக்கத்திலும் நிற்கும்போது அகன்ற கையுள்ள அபாயா வேண்டாம்.

கூடாரங்கள் மாறிய கதை

முன்கூட்டிப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு மினாவைக் காட்டலாம். 1997 ஏப்ரல் 15, ஹஜ்ஜுக்காகக் கூடியிருந்த கூட்டம். கூடாரத்துக்குள் சமைக்கும் கேஸ் அடுப்பிலிருந்து கிளம்பிய தீ, பலத்த காற்றில் பரவி ஏறத்தாழ 70,000 கூடாரங்களைச் சாம்பலாக்கியது. சவூதி அரசின் கணக்குப்படி 343 ஹாஜிகள் இறந்தார்கள், 1,500 பேர் அளவில் காயப்பட்டார்கள். அதற்குப் பிறகு பருத்திக் கூடாரங்கள் போய், டெஃப்லோன் பூசிய கண்ணாடி இழைக் கூடாரங்கள் வந்தன. கூடாரத்துக்குள் கேஸ் அடுப்பு தடைசெய்யப்பட்டது. இன்று ஹஜ்ஜுக்குப் போய் வருபவர்கள் வெள்ளைக் கூடாரங்களின் படத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அந்த வெண்மைக்குள் 1997 இன் பாடம் இருக்கிறது. எரியும் பொருளை மாற்றினார்கள், பற்றவைக்கும் பொருளை அகற்றினார்கள். இரண்டே வேலை.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. மின்சாரம் எட்டாத வீடுகளில் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட குப்பி விளக்கு இலேசாகத் தட்டினாலே சரிந்துவிடும். அதனால் எரிந்துபோய் வந்தவர்களுக்குச் சிகிச்சையளித்துக் களைத்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான, கனமான, பக்கங்கள் தட்டையான, திருகு மூடியுள்ள ஒரு கண்ணாடி விளக்கை வடிவமைத்தார். சரிந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. 1998 இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மருந்தைவிட விளக்கின் வடிவம் அதிக உயிரைக் காக்கும் என்று ஒரு டாக்டர் முடிவுக்கு வந்தது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

வீட்டைச் சுற்றி ஒரு நடை

இனி நம் வேலைக்கு வருவோம். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு, கடை பூட்டிய பிறகு ஒருநாள் இரவு வாசலிலிருந்து பின்கட்டு வரை நடந்து பாருங்கள். பகலில் தெரியாதவை இரவில் தெரியும்.

மின்சாரம் முதலில். ஒரு பிளக்கில் பல வயர் சொருகிய பெட்டி சூடாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஸ்திரிக்கைப் பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் கேத்தல், அவன் ஆகியவை சுவரிலுள்ள பிளக்கில் நேராகத்தான் போக வேண்டும். ஈட்டிய பணத்தை ஏசி வாங்கப் போடுகிறோம், இருபது வருடத்துக்கு முன் இரண்டு மின்விசிறிக்கும் நான்கு பல்புக்கும் போட்ட வயரை மாற்ற மனம் வருவதில்லை. ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்றால் அது பழுதாகிவிட்டது என்று எண்ணி நேர் வயர் கொடுத்துவிடும் வைத்தியம் சில இடங்களில் நடக்கிறது. காய்ச்சல்மானியை உடைத்தால் காய்ச்சல் போய்விடுமா? கடல் உப்புக் காற்று வாங்கும் ஊர் நம்முடையது. மூட்டுகள் துருப்பிடித்துத் தளரும், தளர்ந்த மூட்டில் பொறி பறக்கும். தகுதியுள்ள மின்னிணைப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டுவதுதான் வழி.

அபாயா தைக்கும் வீடுகளில் ஸ்திரிக்கைப் பெட்டிதான் பெரிய பகை. அதானைக் கேட்டதும் எல்லோரும் எழுந்து போவார்கள். பெட்டி மேசையில், துணி பக்கத்தில். யாராவது ஒரு பிள்ளையைப் பொறுப்பாக்கி, எழுந்து போகும்போது சுவரிலேயே சுவிட்சை நிறுத்தும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். வெட்டுத் துணியை மெஷினுக்குக் கீழே குவிய விடாமல் அன்றன்றே அள்ளிக் கட்டி வெளியே வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைகளில் கடையில் சாம்பிராணி போடுகிறோம், மணம் நல்லதுதான். தணல் சட்டியைத் துணி அடுக்குக்குக் கீழே வைத்துவிட்டுக் கல்லாவை எண்ண உட்காராதீர்கள். நுளம்புத்திரியும் அப்படியே. அது சுவாலை இல்லாமல் இரவு முழுதும் கனன்றுகொண்டே இருக்கும். ஒரு பீங்கானில், மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

கேஸ் பற்றி 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடு முழுதும் பேசினோம். நாளுக்கு நாள் வெடிப்புச் செய்தி. கண்ணாடி அடுப்புகள் சிதறின. சிலிண்டரில் புரோப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் உள்ள விகிதம் மாற்றப்பட்டதை முக்கிய காரணமாக ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு சுட்டிக்காட்டியது. கசிவைப் பார்க்கச் சவர்க்கார நுரையை ரெகுலேட்டர் மூட்டில் பூசும் பழக்கம் அப்போது எல்லா வீட்டிலும் வந்தது. இப்போது எத்தனை வீட்டில் இருக்கிறது? கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கித் தரையோடு தேங்கும். ஆகவே வாசனை வந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது, போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. சிலிண்டரை மூடி, கதவு யன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். படிக்குக் கீழே சிலிண்டர் வைப்பது ஏன் தவறு என்பதும் இதிலேயே விளங்கும். ஹோட்டல் வைத்திருப்பவர்கள் மேலதிக சிலிண்டர்களைக் கட்டடத்துக்கு வெளியே, நிழலுள்ள, காற்றோடும் இடத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில், கிடைத்ததையெல்லாம் பிளாஸ்டிக் கலனில் ஊற்றி வீட்டுக்குள் வைத்த பழக்கம் சில இடங்களில் இன்னும் விடவில்லை. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டுக்கூட இருந்தது. மெழுகுதிரியும் ஜெனரேட்டரும் இல்லாமல் முடியாது என்ற நிலை. அந்த நாட்கள் போய்விட்டன. கலன்களும் போகட்டும்.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊற்றினால் எரியும் எண்ணெய் மேலே சீறும். அடுப்பை நிறுத்தி, பெரிய மூடியால் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். ஆறும்வரை திறக்க வேண்டாம். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதும் வேண்டாம். எரிகாயம் பட்ட இடத்தில் பற்பசை, மை, வெண்ணெய் என்று நம் பாட்டிமார் வைத்தியம் எதுவும் பூசாமல், இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடித்துவிட்டு, சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உருகி ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது.

தீயணைப்புக் கருவி வாங்கலாமா என்று கேட்பீர்கள். வாங்கலாம். உலர் தூள் அடைத்தது துணி, மண்ணெண்ணெய், மின்சாரம் மூன்றுக்கும் பொருந்தும். ஆனால் கடைக்குள் அதை எங்கே மாட்டுகிறார்கள் என்பதைப் பாருங்கள்: மூலையில், சரக்குக்குப் பின்னால். நெருப்பைத் தாண்டிப்போய் எடுக்க வேண்டிய கருவியால் என்ன பயன்? வெளியேறும் கதவோரம் இருக்க வேண்டும். ஊசி பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள பெண்களுக்கும் அதன் ஊசியை இழுத்து அமுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சின்னக் கூடையளவு நெருப்புக்குத்தான் அது. அதற்கு மேல் போனால் விட்டுவிட்டு வெளியேறுவதுதான் புத்தி. மட்டக்களப்பு மாநகர சபைக்குத் தீயணைப்புப் பிரிவு உண்டு. அங்கிருந்து காத்தான்குடிக்கு வருவது பக்கம். வாழைச்சேனைப் பக்கத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வண்டி வந்து சேரும்வரையிலான அந்த நேரம் நம் கையில்தான். உங்கள் பகுதிக்கு வரக்கூடிய பிரிவின் தொலைபேசி எண்ணைச் சபையில் கேட்டு, கல்லாவுக்கு மேலும் குசினிச் சுவரிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வண்டி நுழையும் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளையும் மணல் குவியலையும் விட்டுவைக்காமல் இருப்பது ஒழுங்கையிலுள்ள எல்லோருடைய பொறுப்பு. இதை மஹல்லாவில் பேசி முடிவெடுக்கலாம்.

கணவரிடம் எப்படிச் சொல்வது என்று சில சகோதரிகள் யோசிப்பார்கள். "சரக்கை வேறெங்கே வைக்கிறது? இடமிருந்தால் வைக்க மாட்டேனா?" என்ற பதில்தான் முதலில் வரும். அவர் சொல்வதும் பொய்யல்ல. நம் ஊரில் ஓர் அடி நிலம் என்ன விலை என்று தெரியாதவர் யார்? எல்லாச் சரக்கையும் அகற்றச் சொல்லாதீர்கள். படியை மட்டும் கேளுங்கள். படியும், படிக்குக் கீழும், படியிலிருந்து வாசல் வரையுள்ள மூன்றடி அகலமும் காலியாக இருக்கட்டும் என்று கேளுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். வேலைக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் நம்மை நம்பித்தான் அனுப்புகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் அமானிதம். அவர்கள் உள்ளே இருக்கும்போது வெளியே பூட்டுப் போட்டுவிட்டு லுஹருக்குப் போகும் பழக்கம் எந்தக் கடையிலாவது இருந்தால் அதை இன்றே நிறுத்த வேண்டும்.

கடைசியாக, ஒத்திகை. ஓர் இரவு எல்லோரும் படுத்தபின், விளக்கை நிறுத்திவிட்டு, "எழும்புங்க, வெளியே!" என்று குரல் கொடுங்கள். புகை மேலே நிற்கும், நல்ல காற்று தரையோடு இருக்கும். ஆகவே பிள்ளைகளுக்குத் தவழ்ந்து போகச் சொல்லிக் கொடுங்கள். அவர்களுக்கு அது விளையாட்டாக இருக்கும். உம்மம்மாவை யார் பிடிப்பது, தொட்டில் பிள்ளையை யார் தூக்குவது, வெளியே எந்த மரத்தடியில் கூடித் தலையெண்ணுவது என்று முன்பே பேசி வையுங்கள். நகையையும் காணி உறுதியையும் எடுக்க யாரும் திரும்பி உள்ளே போகக் கூடாது. வாசலை அடைய எத்தனை நிமிடம் ஆனது என்று கொப்பியில் எழுதுங்கள். அடுத்த மாதம் அதைக் குறைக்கப் பாருங்கள். இரவில் ரோலர் கதவைப் பூட்டியபின் திறப்பு எங்கே இருக்கிறது என்பதையும் அப்போதே கண்டுகொள்வீர்கள். சட்டைப் பையில், தலையணைக்குக் கீழே, கல்லாவுக்குள் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும் திறப்பு அது. கதவுக்குப் பக்கத்தில், பத்து வயதுப் பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில், வெளியிலிருந்து கை விட்டால் எட்டாத இடத்தில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டுங்கள்.